மறு: 'நெபாரி'க்குத் தமிழில் என்ன? ஒட்டுப்பதம், பிடியுருண்டை, கிண்ணச்சோறு

குழுவினருக்கு வணக்கம்.

ஜப்பானியச் சமையல் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில், மூன்று நாளாக 'டொன்புரி' என்ற கிண்ணத்துக்கே அதிகமாகப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதைவிட அவசரமாக வேண்டியது, கிண்ணத்துக்குள் போகிற கறியுருண்டை உடையாமல் இருக்க ஒரு சொல்: பிசைந்த கறி ஒட்டிக்கொள்ளும் நிலையான 'நெபாரி'க்குத் தமிழ்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜப்பானியக் கோழியுருண்டைச் சோற்றின் செய்முறையை மதுரையிலிருக்கும் என் அக்காவுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கறியில் உப்புப் போட்டு 'நன்றாகப் பிசையவும்' என்று ஒரு வரி. அக்கா கோளா உருண்டையில் கைதேர்ந்தவர். கொத்துக்கறி, வெங்காயம், இஞ்சி, முட்டை, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, அழுத்தாமல் விரல் நுனியால் புரட்டி உருட்டினார். தோசைக்கல்லில் போட்டுத் திருப்பினால் பாதி உருண்டை கல்லோடு, பாதி கரண்டியோடு. "நீ எழுதினபடிதானடா செஞ்சேன்" என்றார் போனில். அவர் சொன்னது சரி. தப்பு என் வரியில்.

கோளாவைக் கட்டிப் பிடிப்பது பொட்டுக்கடலை மாவு. ஜப்பானியர்களின் 'த்சுகுனே' என்ற இந்தக் கோழியுருண்டையில் கறியே கறியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கொத்துக்கறியில் முதலில் உப்பு மட்டும் போட்டு அழுத்திப் பிசைந்தால், தசையிலிருக்கும் மயோசின் என்ற புரதம் கரைந்து வெளியே வரும். கொஞ்ச நேரத்தில் நிறம் வெளிறும். தனித்தனித் துகளாகக் கிடந்த கறி ஒரே திரளாகிக் கையில் அப்பும். பிய்த்தால் நார் நாராக இழுபடும். சூடு பட்டதும் அந்தப் புரதம் வலைபோல் உறைந்து, நீரையும் கொழுப்பையும் உள்ளே நிறுத்திக்கொள்ளும். மீனை அரைத்துச் செய்கிற கமாபோகோவும் இந்த வழியில்தான் உறைகிறது. கறி இந்த நிலைக்கு வருவதைத்தான் 'நெபாரி வந்துவிட்டது' என்கிறார்கள் ஜப்பானியச் சமையல்காரர்கள். என் குறிப்பில் இந்த ஒரு சொல் இல்லாததால்தான் அக்காவின் உருண்டை உதிர்ந்தது.

இனி, நெபாரிக்கு இழையில் வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> பசைப்பதம் என்றால் போதாதா?

பொருள் சரி, ஐயா. ஆனால் அடுப்படியில் 'பசை' நல்ல பெயர் எடுத்த சொல் இல்லை. குழைந்துபோன சோற்றைத்தான் "பசையாப் போச்சு" என்கிறோம். சமைக்கிறவர் வரவேண்டும் என்று காத்திருக்கிற நிலைக்கு அந்தப் பெயரை வைக்க மனம் ஒப்பவில்லை.

> இழைப்பதம்: இழுத்தால் இழை வருகிறதே!

அழகான சொல்தான். ஆனால் பாகுக்குக் கம்பிப்பதம் என்று ஏற்கெனவே இருக்கிறது. இழையும் கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் படிக்கிறவர் சர்க்கரைப் பாகைத்தான் நினைப்பார்.

> பிடிபதம்?

நான் முதலில் எழுதிவைத்ததும் இதுதான். புட்டு மாவு நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும் என்பது புட்டு மாவுக்கான சோதனை. நம் கறி உதிரவே கூடாது.

என் பரிந்துரை: ஒட்டுப்பதம். காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் பதம் பார்ப்பது பெரும்பாலும் 'ஒட்டாமை'யை வைத்துத்தான். அல்வா கையில் ஒட்டாமல் வரவேண்டும், சப்பாத்தி மாவு பாத்திரத்தில் ஒட்டாமல் திரளவேண்டும். அப்படிப் பழகிய கை, ஒட்டத் தொடங்கியதும் ஏதோ தவறிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடும். அக்காவின் கையும் அங்கேதான் நின்றது. இங்கே பதமே ஒட்டுவதுதான் என்று சொல்லிலேயே இருந்துவிட்டால், அந்தப் பழக்கத்தை அது நேராகத் திருத்தும். சோதனையும் எளிது: நெல்லிக்காயளவு எடுத்து உள்ளங்கையில் அப்பி, கையைக் கவிழ்க்க வேண்டும். விழாமல் தொங்கினால் ஒட்டுப்பதம்.

அடுத்தது உருண்டையின் பெயர். 'த்சுகுனே'வை அப்படியே எழுதலாம் என்றார் ஒருவர். சொல்லின் தொடக்கத்தில் 'த்' தமிழில் நிற்காது. 'சுகுனே' என்று எழுதினால் நடுவிலுள்ள 'கு' மெலிந்து ஒலிக்கும். 'சுக்குனே' என்றால் சுக்குப் போட்ட பண்டம் என்று நினைப்பார்கள். ஒலியை விட்டுவிட்டு அந்தப் பெயர் எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் வழி திறக்கிறது. 'த்சுகுனெரு' என்றால் பிசைந்து கையால் உருவம் பிடிப்பது. அந்த வினையிலிருந்து வந்ததுதான் த்சுகுனே. இதன் உறவுக்காரியான 'த்சுமிரே', பெரும்பாலும் அரைத்த மீனைக் கிள்ளி எடுத்துச் சாற்றில் போடுவது. இரண்டுமே கை செய்கிற வேலையால் பெயர் பெற்றவை. நம்மிடம் பிடி கொழுக்கட்டை இருக்கிறதே! விரல் தடம் பதிந்து நீளவாக்கில் இருக்கும் அந்த வடிவம், குச்சியைச் சுற்றி அப்பிச் சுடுகிற த்சுகுனேவுக்கும் பொருந்துகிறது. ஆகவே பிடியுருண்டை. 'கோழிப்பிடி' என்று சுருக்க வேண்டாம், கோழியைத் துரத்திப் பிடிப்பது என்றாகிவிடும்.

கிண்ணத்துக்கு வருவோம். 'டொன்புரி' என்பது ஆழமான கிண்ணத்துக்கும் பெயர், சோற்றின்மேல் கறியோ மீனோ முட்டையோ வைத்து அதில் பரிமாறும் உணவுக்கும் பெயர். கூட்டுச்சொல்லில் 'டொன்' என்று சுருங்கும். மாட்டிறைச்சி என்றால் கியூடொன்; கோழியும் முட்டையும் சேர்ந்தால் ஒயாகோடொன், அதாவது தாயும் பிள்ளையும். நம் கட்டுச்சோறு, கூட்டாஞ்சோறு போல 'சோறு' பின்னால் வந்து ஒட்டுகிற அமைப்பு இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

அம்மா ஒருவர் 'ஊன்சோறு' என்ற பழஞ்சொல்லை மீட்கலாம் என்று எழுதியிருந்தார். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பதிற்றுப்பத்தில் வருவது 'சோறு வேறென்னா ஊன்துவை அடிசில்'. சோறு வேறு, ஊன் வேறு என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி குழைந்த உணவு அது. டொன்புரியில் நடப்பது நேர்மாறு. சோறு கீழே வெள்ளையாகக் கிடக்கும். மேலே வைத்ததன் சாறு கொஞ்சமாக இறங்கும். சாறு பட்ட சோறும் படாத சோறும் மாறிமாறி வாயில் படுவதுதான் ருசி. ஊன்சோறு என்ற பெயரைப் பிரியாணிப் பக்கம் விட்டுவைப்போம்.

எனக்குப் பிடித்த பெயர் கும்பாச்சோறு. கம்மங்கஞ்சி குடித்த கும்பாவின் ஆழமும் அகலமும் கிண்ணம் என்ற சொல்லில் இல்லை. இருந்தாலும் கும்பாவைக் கண்டவர்கள் இன்று குறைவு. செய்முறைக் குறிப்பில் ஒரு சொல்லை நிறுத்திவைத்து விளக்க இடம் கிடையாது. எனவே கிண்ணச்சோறு என்பதையே வழிமொழிகிறேன்.

'தாரே' என்ற சாற்றுக்குச் சோயாப்பாகு போதும். சுண்டி மினுக்கம் ஏறும் நிலையைப் 'பாகு' தாங்கும்.

இந்தச் சொற்களை வைத்துத் திருத்திய குறிப்பு இது:

கோழித் தொடைக் கொத்துக்கறி 400 கிராம், குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சில்லென்றே இருக்கும்போது, 4 கிராம் உப்பு மட்டும் சேர்த்து ஒட்டுப்பதம் வரும்வரை பிசையவும். கை வெப்பத்தில் கொழுப்பு இளகினால் பதம் கெடும். அதன் பிறகே துருவிய இஞ்சி, நறுக்கிய வெங்காயத்தாள், ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி உருளைக்கிழங்கு மாவு. ஈரக்கையால் பிடியுருண்டைகளாகப் பிடித்து, எண்ணெய் தடவிய கல்லில் இருபுறமும் சிவக்கவிட்டு, மூடிவைத்து உள்ளே வேகவிடவும். சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, தண்ணீர் 3, சர்க்கரை ஒன்றரை ஊற்றிப் பாகாகச் சுண்டும்வரை புரட்டவும். மிரின் என்ற இனிப்பான ஜப்பானிய அரிசி மது கிடைத்தால் தண்ணீருக்குப் பதில் அதை ஊற்றிச் சர்க்கரையைக் குறைக்கலாம். புதுப் பச்சரிசியைச் சற்றுக் குழைய வடித்துக் கிண்ணத்தில் போட்டு, மேலே உருண்டையும் பாகும். ஜப்பானில் பச்சை மஞ்சள்கரு வைப்பார்கள். அங்கே பச்சையாக உண்பதை மனத்தில் வைத்தே முட்டையைக் கழுவிச் சோதித்து விற்கிறார்கள். நாம் வேகவைத்த முட்டையே வைத்துக்கொள்வோம்.

அக்கா நேற்று இதைப் பார்த்து மறுபடி செய்தார். எட்டு உருண்டையும் முழுசாக வந்தன. சோயாப்பாகு மட்டும் இனிப்புத் தூக்கல் என்றார், சர்க்கரையை ஒரு மேசைக்கரண்டியாகக் குறைக்கலாம்.

மீதமிருப்பது த்சுமிரே. 'கிள்ளுருண்டை' என்று எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் இப்போது பலர் கிள்ளாமல் கரண்டியால்தான் வழித்துப் போடுகிறார்கள். பெயரைக் கையை வைத்தே நிறுத்தலாமா, மாற்றலாமா? மீன் சமைக்கிறவர்கள் எழுதுங்கள்.