நான் இல்லாத நாளில் என் ஆன்லைன் கணக்குகளை வீட்டில் எப்படிக் கையாள்வார்கள்?

கும்பகோணத்துக்காரன்:

வயது 62. பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவன். வீட்டில் நானும் மனைவியும்தான். மகள் ஷார்ஜாவில், மகன் பெங்களூரில். கரண்ட் பில், சொத்து வரி, கேஸ் புக்கிங், பென்ஷன் வரும் வங்கிக் கணக்கு, மியூச்சுவல் ஃபண்ட், எல்ஐசி பிரீமியம் எல்லாம் என் ஃபோனுக்குள்தான் இருக்கின்றன. மனைவி வாட்ஸ்அப்பும் யூடியூபும் பார்ப்பாள், மற்றதைத் தொட்டதில்லை.

அடுத்த மாதம் எனக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை. டாக்டர்கள் நம்பிக்கையோடு பேசுகிறார்கள். இருந்தாலும் அதற்குள் இதையெல்லாம் ஒழுங்குபண்ணிவிட வேண்டும். எல்லா பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்தால் போதுமா? மகன் பாஸ்வேர்டு மேனேஜர் போடச் சொல்கிறான், அவன் அம்மாவுக்கு அது ஒத்துவராது. இன்னொன்று: 2016 மகாமகத்துக்கு என் அம்மாவை அழைத்துப் போய் எடுத்த படங்கள் கூகுள் ஃபோட்டோஸில் மட்டும்தான் இருக்கின்றன. அவை பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும்.

உறையூர்க்காரி:

ஐயா, சிகிச்சை நல்லபடியாக முடியட்டும். இதை முன்கூட்டியே யோசிக்கிறீர்களே, அதுவே உங்கள் வீட்டம்மாவுக்குப் பெரிய உதவி.

என் கணவர் தூக்கத்திலேயே போய்விட்டார். 54 வயது. ஃபோன் பூட்டு எண் எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு சர்வீஸ் சென்டரில், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் திறக்க முடியும் என்றார்கள். அந்த ஃபோனை அப்படியே வைத்திருக்கிறேன். அதைவிடப் பெரிய அடி சிம். காரியம், உறவுக்காரர்கள், சான்றிதழ் என்று அலைந்ததில் ரீசார்ஜ் முடிந்ததை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண்ணை ரத்து செய்து, பிறகு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். எண் போனதும் ஓடிபி போயிற்று. அவர் மெயில் திறக்கவில்லை. எந்த பாலிசிக்கு எப்போது பிரீமியம், எந்த நிறுவனத்தில் எவ்வளவு ஃபண்ட் என்று சொல்ல ஆளில்லை. அவருடைய பழைய டைரிகளையும் வங்கிப் பாஸ்புக் வரிகளையும் வைத்து ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தேன்.

அதனால் சொல்கிறேன், பாஸ்வேர்டை நீங்களே நாளைக்கு மாற்றிவிடுவீர்கள், நோட்டு பழசாகிவிடும். எங்கெங்கே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் பழசாகாது. அதைத் தமிழில், உங்கள் கையெழுத்தில், உங்கள் வீட்டம்மாவுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். "எல்ஐசி, பாலிசி எண் இது, ஏஜென்டு கடைத்தெருவில் இருக்கிறார்" என்கிற அளவுக்கு. ஃபோன் பூட்டு எண்ணும் மெயில் பாஸ்வேர்டும் மட்டும் தனி உறையில். சிம்மை உயிரோடு வைக்க வேண்டும், இறப்புச் சான்றிதழ் வந்ததும் கம்பெனிக் கடையில் கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை முதல் வரியாக எழுதுங்கள்.

அப்புறம், இந்த மாதக் கரண்ட் பில்லை அவர் ஃபோனிலிருந்து அவரே கட்டட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், கையை நீட்டாதீர்கள். ஒன்றைத் தானே செய்துவிட்டால் மற்றதற்கும் தைரியம் வந்துவிடும். எனக்கு அந்தத் தைரியம் வர ரொம்ப நாளாயிற்று.

பெங்களூர் தம்பி:

படங்கள் பற்றி மட்டும் சொல்கிறேன் சார். கூகுள் கணக்கு அமைப்புகளில் செயல்படாத கணக்கு மேலாளர் என்று ஒன்று இருக்கிறது. 2013 முதல் உண்டு. எத்தனை மாதம் கணக்கு அசைவில்லாமல் இருந்தால் நடவடிக்கை என்று நீங்களே முடிவு செய்யலாம்: 3, 6, 12 அல்லது 18 மாதம். பத்துப் பேர் வரை சேர்க்கலாம், யாருக்கு எது என்று பிரித்தும் கொடுக்கலாம். மகளுக்கு ஃபோட்டோஸ், மகனுக்கு மெயில் என்பது போல. கெடு முடிவதற்கு முன்னால் உங்களுக்கே எச்சரிக்கை வரும், பயப்பட வேண்டாம். ஆனால் அவர்கள் உங்கள் கணக்குக்குள் நுழைய முடியாது, தரவை இறக்கிக்கொள்ளத்தான் முடியும். லிங்க் வந்தவுடன் இறக்கிவிடச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம்.

வீட்டில் யாராவது ஐஃபோன் வைத்திருந்தால் அதில் மரபுத் தொடர்பு என்று ஐந்து பேர் வரை குறிப்பிடலாம். அதற்கு ஒரு சாவிக் குறியீடு கிடைக்கும், அச்செடுத்து வைக்க வேண்டும். பிறகு சாவியும் இறப்புச் சான்றிதழும் கொடுத்தால் மூன்று வருடம் பார்க்கலாம். சேமித்த பாஸ்வேர்டுகள் கிடைக்காது.

மகாமகப் படங்களை இதற்கெல்லாம் காத்திருக்காமல் இந்த வாரமே இரண்டு பென்டிரைவில் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள் சார்.

பழைய வங்கிக்காரர்:

உறையூர் அம்மா சொன்னது அனுபவம், அப்படியே செய்யுங்கள். ஒன்றை மட்டும் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கணக்குக்காரர் இறந்த பிறகு அவருடைய யுபிஐ பின்னையோ ஏடிஎம் கார்டையோ வைத்துப் பணம் எடுக்கக் கூடாது, சொந்த மனைவியே ஆனாலும். பின்னால் மற்ற வாரிசுகள் கேள்வி கேட்டால் சிக்கல் அவருக்குத்தான். வங்கிக்குத் தகவல் சொல்லி நாமினி வழியாக வாங்குவதுதான் முறை. அதனால் வங்கி பாஸ்வேர்டு அந்த உறையில் தேவையே இல்லை. நாமினி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், யாருக்குச் சேரும் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோ தீர்மானிக்கும். இதை உச்ச நீதிமன்றம் 1984இல் காப்பீட்டுக்குச் சொன்னது, 2023இல் பங்குகளுக்கும் சொல்லிவிட்டது. ஆனால் காப்பீட்டுச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டதால், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருக்கும் பாலிசிக்கு இது அப்படியே பொருந்தாது. உயில் எழுதினால் இரண்டு சாட்சி போதும். பாஸ்வேர்டு எதையும் உயிலில் எழுதாதீர்கள், அதைப் பலர் படிப்பார்கள்.

பென்ஷன் புத்தகத்தின் பிபிஓ (ஓய்வூதிய வழங்கல் ஆணை) எண்ணைப் பட்டியலில் மேலேயே எழுதுங்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு உங்கள் வீட்டம்மா கருவூலத்துக்குப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கும்பகோணத்துக்காரன்:

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். வங்கியில் மனைவி பெயர் இருக்கிறது. ஒரு பழைய ஃபண்டில் நாமினி என் அம்மா. அவர் 2019இல் காலமாகிவிட்டார். அம்மாவின் சான்றிதழ் கொண்டுபோக வேண்டுமா?

பழைய வங்கிக்காரர்:

வேண்டாம். முதலீட்டாளர் நீங்கள் இருக்கும்போது நாமினியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பழைய நாமினியின் சம்மதமோ சான்றிதழோ தேவையில்லை. ஃபண்ட் நிறுவனத்தின் தளத்திலேயே முடியும், ஓடிபி உங்கள் எண்ணுக்கு வரும். கூட்டுப் பெயரில் இருந்தால் மற்றவரும் ஒப்புதல் தர வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் செய்துவிடுங்கள். அடுத்து வரும் கணக்கு அறிக்கையில் புதுப் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, அதை அச்செடுத்துப் பட்டியலோடு சேர்த்து வையுங்கள்.