முனியப்பன் துணை (குடும்பக் குழு)

அக்கா: பாப்பா காதுகுத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. கிடா யாரு சொல்லியிருக்கீங்க?

ஓசூர் சித்தப்பா: அண்ணன் பாத்துக்குவார்னு இருந்தேன்

பெரியப்பா: நீ சொல்லிட்டேன்னு நான் இருந்தேன்

பாலக்கோடு அத்தை: காலை வணக்கம் 🙏

நான்: இதுக்குத்தான் நேத்து ஒரு லிஸ்ட் போட்டேன். மைக்ரோசாஃப்ட் டு டூன்னு ஒரு ஆப், காசு கிடையாது. மேல அனுப்பின லிங்க்கைத் தொட்டா "காதுகுத்து"ன்னு திறக்கும். மெயில் ஐடி கேக்கும், போன்ல இருக்கிறதையே குடுங்க. ஒவ்வொரு வேலைக்கும் யார் பேரு, எந்தத் தேதிக்குள்ளன்னு போட்டிருக்கேன். "கிடா"வைத் தொட்டா உள்ள சின்னச் சின்ன வேலையா இருக்கும்: சந்தை, வண்டி, தழை, கட்டி வைக்க இடம். வேலை முடிஞ்சதும் முன்னாடி இருக்கிற வட்டத்தைத் தொட்டா டிக் ஆகும். அது எல்லார் போன்லயும் தெரியும். பூசாரிக்கு மூணு பேர் தனித்தனியா போன் பண்ண வேண்டியதில்ல.

ஓசூர் சித்தப்பா: லிங்க் எங்க

நான்: மேல சித்தப்பா

பாலக்கோடு அத்தை: அதுல என் பேரு இருக்குதா கண்ணு

நான்: இருக்கு அத்தை. மாவிளக்கு

பாலக்கோடு அத்தை: இல்ல, கேட்டேன். கல்யாணப் பத்திரிக்கைல விட்டுப்போச்சு பாரு

அக்கா: அத்தை, ஏழு வருசம் ஆச்சு!

பாலக்கோடு அத்தை: எனக்கு நேத்து மாதிரி இருக்குது

அம்மா: அண்ணி, அது அச்சடிச்சவன் பண்ணது

அக்கா: டேய், எனக்கு 9 வேலை காட்டுது. பாத்தாலே மலைப்பா இருக்கு

நான்: எல்லாத்தையும் பாக்காத. மை டேன்னு ஒண்ணு இருக்கும். இன்னிக்கு முடியற ரெண்டை மட்டும் அதுல சேத்துக்கோ. ராத்திரியோட அது காலியாகிடும், முடியாததை மறுநாள் அதுவே எடுத்துக் காட்டும். லிஸ்ட்ல இருந்து எதுவும் போகாது.

பெரியப்பா: எல்லாம் பாத்தேன். டிக் போட்டுட்டேன்

ஓசூர் சித்தப்பா: எனக்கு லிஸ்ட் காலியா இருக்குது

அக்கா: எனக்கும்

நான்: பெரியப்பா, 23 வேலையும் முடிஞ்சதா காட்டுது

பெரியப்பா: படிச்சுட்டேன்னு தெரியணும்ல. இங்க நீல டிக் வருதே, அந்த மாதிரின்னு

நான்: அந்த ஆப்ல டிக்னா வேலை முடிஞ்சதுக்கு பெரியப்பா. ஒண்ணும் அழியல. முடிஞ்சதெல்லாம் கீழ தனியா நிக்கும், டிக்கை மறுபடி தொட்டா மேல வந்துடும். நானே எடுத்துடறேன்.

ஓசூர் சித்தப்பா: கம்பெனில வுண்டர்லிஸ்ட்னு இதே மாதிரி ஒரு ஆப் வெச்சிருந்தேன். நல்லா இருந்துச்சு, மூடிட்டான்

நான்: அதை மைக்ரோசாஃப்ட் 2015-ல வாங்குச்சு சித்தப்பா. அந்த டீம் செஞ்சதுதான் இது, 2017-ல வந்துச்சு. 2020 மே மாசம் பழசை நிறுத்திட்டாங்க.

பாலக்கோடு அத்தை: தக்காளி எங்க மார்க்கெட்லயே எடுத்துக்கலாம். எத்தினி பெட்டி?

பெரியப்பா: 150 பேருக்குத்தானே

அக்கா: அவங்க வீட்டு ஆளுங்களே 100 பெரியப்பா. 250 வரும்

பெரியப்பா: யோசிப்போம்

அம்மா: எனக்கு ஆப்லாம் வேணாம்பா. எல்லாம் மனசுல இருக்கு

நான்: அதுக்குத்தாம்மா இந்த லிஸ்ட்டே. புதுவீடு குடிபோன அன்னிக்கு எல்லாரும் உன்னைத்தான் கேட்டாங்க. வெத்தலை எங்க, குங்குமம் எங்க, இலைக்கட்டு எங்கன்னு. எல்லாருக்கும் எடுத்துக் குடுத்துட்டு நீ சாப்பிட்டது சாயங்காலம் நாலு மணிக்கு. சாமான் ரூம் வாசப்படில நின்னுக்கிட்டே, ஆறிப்போன சோறு. நான் பாத்தேன். பாப்பா என் மடில உக்காந்து காது குத்தறப்போ நீ பக்கத்துல நிக்கணும். மனசுல இருக்கிறதை வாய்ஸ்ல சொல்லு, நான் ஏத்திக்கறேன்.

ஓசூர் சித்தப்பா: சொல்லுங்க அண்ணி

அம்மா: 🎤 4:12

அக்கா: ஆசாரிக்குத் தட்டு வெக்கணும்னு நம்மள்ல ஒருத்தருக்கும் தோணலையே

நான்: அம்மா சொன்னது 11 வேலை. சேத்துட்டேன், இப்ப 34. கிடாவுக்கு வர்ற ஞாயிறு போச்சம்பள்ளி சந்தை. அதை விட்டா அடுத்த சந்தை விசேஷத்தன்னிக்குத்தான். யாரு போறீங்க?

பெரியப்பா: சின்னவன் போகட்டும். கார் இருக்குது

ஓசூர் சித்தப்பா: கார்ல கிடா ஏத்தறதா?

பெரியப்பா: போன தடவை நான்தான் போனேன்

ஓசூர் சித்தப்பா: ரெண்டாயிரம் கூடக் குடுத்துட்டு வந்தீங்க

பெரியப்பா: கறி எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு

நான்: ரெண்டு பேரும் சேர்ந்தே போங்க. சித்தப்பா பேரு போடறேன்

ஓசூர் சித்தப்பா: பாப்போம்

பாலக்கோடு அத்தை: கண்ணு, மாவிளக்கு வட்டத்தைத் தொட்டுட்டேன்

நான்: இன்னும் பத்து நாள் இருக்கே அத்தை

பாலக்கோடு அத்தை: பச்சரிசியும் வெல்லமும் எடுத்து வெச்சாச்சு. என் பேருகிட்ட டிக் இருக்கட்டும்