முழங்கால் தண்ணியில பழைய டிராக்டர்: கியர் ஆயில் டீ கலர்ல வருது

மணலி டீசல்:
தெருத்தண்ணி இறைக்க பழைய 35 ஹெச்.பி. டிராக்டர், பின்னாடி பி.டி.ஓ. (என்ஜின் சக்தியை வெளிய எடுக்கிற ஷாஃப்ட்) பம்ப். மணலி புதுநகர், சடையங்குப்பம் பக்கம் வேலை. முழங்கால் தண்ணியில 5, 6 மணி நேரம் நிக்குது. கியர் ஆயில் குச்சியில டீ கலர்ல வருது. மேல ஏறினா பிரேக் பிடிக்கல, கிளட்ச் வழுக்குது. கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில். மாத்தினா போதுமா, வண்டியைப் பிரிக்கணுமா அண்ணே?

மாதவரம் ஸ்பேனர்:
ஆயில் மட்டும் மாத்தினா அடுத்த மழைக்கு இதே கதிதான் தம்பி. டீ கலர்னா ஆயில்ல தண்ணி கலந்திருக்கு, அது உள்ள போற வழியை மொதல்ல அடைங்க. ஓடி வந்த வண்டியில ஆக்சில் ஹவுசிங் (பின் சக்கர அச்சோட கூடு) சூடா இருக்கும். அப்படியே தண்ணியில இறக்கினா உள்ள இருக்கிற காத்து சட்டுனு குளிர்ந்து சுருங்கும். பிரீதர் (காத்து போய் வர்ற சின்ன துவாரம்) சேத்துல அடைச்சிருந்தா, ஆயில் சீல் (ஷாஃப்ட்டைச் சுத்தி ஆயில் கசியாம தடுக்கிற ரப்பர் வளையம்) உதட்டு வழியா தண்ணியை உறிஞ்சிடும். சீல் புதுசா இருந்தாலும் இதேதான். பிரீதரைக் கழட்டி டீசல்ல கழுவி ஊதி மாட்டுங்க. வண்டியை அரை மணி நேரம் ஆறவிட்டு இறக்குங்க.

ஆயில் வடிக்க, ராத்திரி முழுக்க நிறுத்தி வைங்க. காலையில ஸ்டார்ட் பண்ணாம டிரைன் பிளக்கைத் தளர்த்தினா, அடியில தங்கின தண்ணி மொதல்ல வரும். கலந்துபோனது பிரியாது, அதையும் முழுசா வடிச்சிடணும். கியர் பாக்ஸ் அடியிலயும் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கிற பகுதி) அடியிலயும் தனித்தனி பிளக் இருந்தா ரெண்டையும் கழட்டுங்க. புது ஆயில் ஊத்தி 15 நிமிஷம் ஓட்டி, லிஃப்ட்டைப் பத்து தடவை தூக்கி இறக்கி, சூடோட மறுபடி வடிங்க. லிஃப்ட் சிலிண்டர்ல தங்கின தண்ணி அப்பத்தான் வெளிய வரும். ரெண்டு தடவை ஆயில் செலவு உறுத்தும். ஹைட்ராலிக் பம்ப் துருப்பிடிச்சா செலவு அதைவிடப் பெருசு.

பிரிக்கணுமாங்கிறதை கிளட்ச் ஹவுசிங் சொல்லும். அடியில ஒரு ஓட்டை, அதுல கோட்டர் பின் (ரெண்டா மடிச்ச கம்பி முள்) தொங்கும். ஆட்டிப் பாருங்க. தண்ணி சொட்டினா பிளேட் காஞ்சதும் சரியாயிடும். ஆயில் சொட்டினா கிராங்க் பின்சீலோ கியர் பாக்ஸ் முன்சீலோ போயிருக்கு, பிரிச்சே ஆகணும். ஓட்டையில மரை இருந்தா தண்ணியில நிக்கும்போது மட்டும் பிளக் போடலாம். மேல வந்ததும் கழட்டிடுங்க, இல்லன்னா கசியிற ஆயில் உள்ளயே தேங்கி பிளேட்டை நனைச்சிடும்.

பிரேக்குக்கு ரெண்டு பெடலையும் லாக் பண்ணி, லோ கியர்ல லேசா மிதிச்சபடி நூறு அடி ஓட்டுங்க. சூட்டுல காஞ்சிடும்.

கொடுங்கையூர் பம்ப்:
வண்டியை ஏன் தண்ணிக்குள்ள நிறுத்துறீங்க? மேட்டுல நிறுத்தி சக்‌ஷன் ஹோஸை நீட்டுங்க. பம்ப் உறிஞ்சும் உயரம் நடைமுறையில 6 மீட்டர் வரை தாங்கும், தெருத்தண்ணிக்கு ஒண்ணு ரெண்டு மீட்டர்கூட வராது. நீட்டினா ஜாயின்ட்தான் எதிரி. ஒரு கிளாம்ப் காத்து வாங்கினாலும் பம்ப் தண்ணி இழுக்காம நின்னுடும். ஹோஸ் நுனியில இருக்கிற ஃபுட் வால்வைச் சுத்தி பிளாஸ்டிக் கூடை கட்டுங்க, ஆகாயத்தாமரையும் கவரும் சிக்காது. பி.டி.ஓ.வை ஐடில்ல போட்டுட்டு அப்புறம் நிமிஷத்துக்கு 540 சுத்துக்கு ஏத்துங்க. ஷாஃப்ட் மேல கவர் இல்லாம ஓட்டவே கூடாது, லுங்கி துணி ஒரு சுத்து சுத்தினா ஆளையே இழுத்துடும்.

எண்ணூர் கிரீஸ்:
கழிமுகத்துப் பக்கம் போனா உப்புத்தண்ணி. வேலை முடிஞ்ச அன்னைக்கே நல்ல தண்ணியில கழுவி, கிங் பின் (முன் சக்கரம் திரும்புற முளை), முன் ஹப் எல்லாத்துலயும் பழைய கிரீஸ் வெளிய தள்ற வரை அடிங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல வந்த மாதிரி எண்ணெய் கலந்த தண்ணின்னா ஃபேன் பெல்ட்டும் ரப்பர் ஹோஸும் ஊறிடும். சோப்புத்தண்ணி போட்டுக் கழுவணும்.

மணலி டீசல்:
நன்றிண்ணே. ஏர் கிளீனர் கிண்ணத்துல தண்ணி இருந்தா?

மாதவரம் ஸ்பேனர்:
செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டர்ல தண்ணி நின்னா அமுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். நாசில் (சிலிண்டருக்கு டீசல் பீச்சுற முனை) எல்லாத்தையும் கழட்டி, ஃபேனைக் கையால ரெண்டு சுத்து சுத்துங்க. தண்ணி பீச்சி வெளிய வந்ததும் என்ஜின் ஆயிலையும் பாருங்க. அதுவும் வெளுத்திருந்தா மாத்திட்டுத்தான் ஸ்டார்ட்.