மும்பை ஃபோர்ட்டில் ஐந்து நாள் வேலை: தனியாக வரும் பெண் எங்கே தங்கலாம்?

வைகைக்கரை:
நான் மதுரையைச் சேர்ந்த ஆய்வு மாணவி. ஃபோர்ட் பகுதியின் காலா கோடாவில் எல்பின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் இயங்கும் மாநில ஆவணக் காப்பகத்தில் ஐந்து நாள் வேலை இருப்பதால், ஜூலை இரண்டாம் வாரத்தில் முதன்முறையாக மும்பைக்குத் தனியாக வருகிறேன். ஞாயிறு இரவு 11.40-க்குச் சென்னை விமானம் தரையிறங்கும். அடுத்த ஞாயிறு இரவு ஊர் திரும்புகிறேன். நாளொன்றுக்கு 2500 ரூபாய் வரை அறைக்குச் செலவழிக்க முடியும். இந்தி புரியும், பேச்சு தடுமாறும். ஒரு மாலை நரிமன் பாயின்ட்டில் என்.சி.பி.ஏ. அரங்கில் நாடகம் பார்க்கவும் ஆசை. அது முடிய ஒன்பதரை ஆகிவிடும் என்கிறார்கள்.

புறநகரான டோம்பிவிலியில் சித்தி வீடு இருக்கும்போது விடுதி எதற்கு என்பது அம்மாவின் கேள்வி. அந்தேரி கிழக்கு, மாட்டுங்கா, ஃபோர்ட் ஆகிய மூன்று இடங்களிலும் என் பணத்துக்குள் அறைகள் தென்படுகின்றன. தனியாகத் தங்கிய பெண்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கிங்ஸ்சர்க்கிள் அக்கா:
அம்மாவின் கவலை நியாயமானதுதான். ஆனால் டோம்பிவிலிக்கும், நீங்கள் இறங்க வேண்டிய சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு டோம்பிவிலியில் ஃபாஸ்ட் லோக்கலின் (சில நிலையங்களில் மட்டும் நிற்கும் புறநகர் ரயில்) பெண்கள் பெட்டியில் ஏறுவதற்கே தனிப் பயிற்சி வேண்டும், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடச் சில நாள் இரண்டு வண்டிகளை விட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள். சித்தியை ஒரு நாள் போய்ப் பாருங்கள். அந்தேரி கிழக்கு விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதைத் தவிர உங்கள் வேலைக்கு ஒரு பயனும் இல்லை.

முப்பது வருடமாக இங்கே இருக்கும் நான் மாட்டுங்காவைத்தான் சொல்வேன். தமிழ் பேசிச் சமாளிக்கலாம். ஆஸ்திக சமாஜம் கோயிலைச் சுற்றிய பூக்கடைகளும் உடுப்பி உணவகங்களும் இருப்பதால் மாலையிலும் தெருவில் குடும்பப் பெண்களின் நடமாட்டம் இருக்கும். மாட்டுங்கா 2017-இல் முழுக்கப் பெண் ஊழியர்களிடமே ஒப்படைக்கப்பட்ட ரயில் நிலையம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மத்திய வழித்தடத்து மாட்டுங்கா வேறு, மேற்கு வழித்தடத்து மாட்டுங்கா ரோடு வேறு. உங்களுக்கு வேண்டியது முன்னது. அங்கே ஸ்லோ வண்டிதான் நிற்கும், ஃபாஸ்ட்டில் ஏறிவிட்டால் தாதரில் இறங்கி மாற வேண்டும்.

தனிவழி:
அக்கா சொல்வதை வேறு எந்த மாதமாக இருந்தாலும் ஒப்புக்கொள்வேன், இது ஜூலை. கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் சயான், குர்லா பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று மத்திய வழித்தடமே முடங்கும். மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளிலும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஐந்தே நாள் வேலையில் ஒரு நாள் அப்படிப் போனாலும் உங்களுக்கு நஷ்டம். ஆகவே காப்பகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் தங்குங்கள்.

ஆனால் ஃபோர்ட்டுக்குள் வேண்டாம். அது அலுவலகப் பகுதி. பகலில் தோள் இடிக்கும் கூட்டம் இருக்கும் சந்துகளில் எட்டு மணிக்குமேல் ஷட்டர்களும் பூனைகளும்தான் மிஞ்சும், ஞாயிற்றுக்கிழமை பகலே அப்படித்தான். நான் ஒருமுறை அங்கே தங்கினேன். விடுதி ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மட்டும் இருந்தது. கீழே இரண்டு மாடியும் அலுவலகங்கள். இரவில் லிஃப்ட்டை நிறுத்திவிடுவார்கள், மரப்படிக்கட்டில் விளக்கு எரியாது, ஆகவே கைப்பேசி வெளிச்சத்தில் ஏறும்போது மேலே யாராவது இருமினால்கூட அடிவயிறு கலங்கும். வரவேற்பறை ஆட்கள் நல்லவர்கள்தான், அறையும் சுத்தம்தான். அந்த அறுபது படிகள்தான் பிரச்சினை. வலைத்தளத்துப் புகைப்படங்களில் படிக்கட்டைக் காட்டவே மாட்டார்கள்.

ரீகல் சந்திப்பைத் தாண்டி கொலாபா காஸ்வே பக்கம் தேடுங்கள். கடைகளும் உணவகங்களும் இரவு வெகுநேரம் திறந்திருக்கும். காப்பகம் பதினைந்து நிமிட நடை. மேடம் காமா சாலையில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் இல்லம் இருக்கிறது, அதில் இடம் கிடைக்குமா என்று இன்றே கேளுங்கள். காஸ்வேயிலும் பிரதான சாலையைப் பார்த்த வாசல் உள்ள விடுதியாகப் பாருங்கள், பின்சந்துகள் வேண்டாம்.

மல்லிப்பூ:
பகுதியைவிட விடுதியின் நடைமுறைதான் எனக்குப் பாடம் கற்பித்தது. வேறொரு பெருநகரத்தில் இணையத்தில் முழுப் பணமும் கட்டி, இரவு ஒன்பது மணிக்குப் பெட்டியோடு போய் நின்றபோது, தனியாக வரும் பெண்களுக்கு அறை தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து பணம் கட்டுவதற்குமுன் விடுதிக்கே தொலைபேசியில் அழைத்து, நான் தனியாக வருகிறேன், நள்ளிரவு ஒரு மணி ஆகலாம், வாசலில் ஆள் இருப்பாரா என்று கேட்கிறேன். பதில் சொல்லும் தோரணையிலேயே பாதி தெரிந்துவிடும். விடுதிக்குப் போனதும், வரவேற்பறை ஆள் உங்கள் அறை எண்ணைக் கூடத்தில் உரக்கச் சொன்னால், தயங்காமல் வேறு அறை கேளுங்கள். உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் போட்டு, கதவை இழுத்துப் பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

உங்களுக்கு உண்மையில் சிக்கலான இரவு முதல் இரவுதான். அந்த நேரத்தில் மெட்ரோ இருக்காது. விமான நிலையத்திலிருந்து கொலாபா 25 கிலோமீட்டருக்குமேல். முனையத்துக்குள்ளேயே முன்பணம் கட்டும் டாக்ஸி முகப்பில் சீட்டு வாங்கி, வண்டி எண்ணைச் சித்திக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். சாலையில் வந்து கூப்பிடுபவர்களிடம் பேச்சே வேண்டாம்.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. ஒய்.டபிள்யூ.சி.ஏ.வுக்கு எழுதியிருக்கிறேன்; கிடைக்காவிட்டால் காஸ்வேயில் நான்கு விடுதிகளைக் குறித்து வைத்திருக்கிறேன், படிக்கட்டைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். பணம் கொஞ்சம் கூடும்போல் இருக்கிறது. டாக்ஸிச் செலவு மிச்சமாவதால் பரவாயில்லை. நாடகம் முடிந்து என்.சி.பி.ஏ.யிலிருந்து நடந்தே வரலாமா?

தனிவழி:
மரைன் டிரைவில் பத்து மணிக்கும் கூட்டம் இருக்கும், அதில் பயமில்லை. ஆனால் நரிமன் பாயின்ட்டின் உள்சாலைகள் ஃபோர்ட்டைப் போலவே வெறிச்சோடிவிடும். அரங்க வாசலிலேயே காலி பீலி (கறுப்பு மஞ்சள்) டாக்ஸி பிடித்து மீட்டர் போடச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் ஆட்டோ கிடையாது, தேடி அலையாதீர்கள்.

கிங்ஸ்சர்க்கிள் அக்கா:
மழை விஷயத்தில் நான் தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள். போன ஜூலையில் என் வீட்டு வாசலிலேயே செருப்பு மிதந்தது. சித்தி வீட்டுக்குப் போவதானால் சனிக்கிழமை போங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காக மெகா பிளாக் போட்டுச் சில மணி நேரம் வண்டிகளைக் குறைத்துவிடுவார்கள், டோம்பிவிலியிலிருந்து திரும்பி இரவு விமானத்தைப் பிடிப்பது சிரமம்.