வேல்ஸில் மகனோடு சைக்கிள்: எந்தப் பாதை?

கேள்வி: ஆகஸ்டில் மூன்று நாள் டோல்கெத்லையில் தங்குகிறோம் (ஊர்ப் பெயர் இன்னும் வாயில் நுழையவில்லை). மகனுக்கு 11 வயது, கியர் சைக்கிள் நன்றாக ஓட்டுவான். எனக்குத்தான் முழங்கால் சரியில்லை. மலைச் சைக்கிள் தடங்கள் உள்ள கோய்ட் அ ப்ரெனின் காட்டுக்குப் போகலாமா?

பதில்: முதல் நாள் மாத்தாக் பாதை. 1960களில் மூடிய ரயில் தடம், கடற்கரை ஊரான பார்மத் வரை சுமார் 15 கி.மீ., ஏற்றம் என்று சொல்ல எதுவுமில்லை. கடைசியில் கழிமுகத்தின் குறுக்கே நீண்ட மரப்பாலம். போகும்போது பெரும்பாலும் எதிர்காற்று, திரும்பும்போது அதுவே முதுகில் கை வைத்துத் தள்ளும்.

அப்புறம் காடு. அங்கே தடத்தின் நிறம்தான் கடினத்தைச் சொல்லும். மகனுக்கு நீலத் தடமான (மிதமானது) மைனோட்டார் போதும். சிவப்பு (கடினமானது) வேண்டாம், முழுக்கக் கல்லும் வேரும். போன வருடம் மழையில் வேர்மேல் சறுக்கி முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன்.

வேறொருவர்: அங்கிருந்த பார்வையாளர் மையத்தை 2025 மார்ச்சில் மூடினார்கள். தடங்கள் திறந்தே இருக்கின்றன. சாப்பாடு, ட்யூப், பம்ப் எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள்.

கேட்டவர்: நன்றி! முழங்கால் மக்கர் செய்தால் பார்மத்திலிருந்து ரயிலில் திரும்பலாமா?

பதில்: டோல்கெத்லைக்கு ரயில் ஏது? அந்தத் தடத்தின்மேல்தானே சைக்கிள் ஓட்டப் போகிறீர்கள்!