மோட்டார் பிளான் முடிந்த எஸ்யூவி: ஓட்டும் சுகத்துக்காக வைத்துக்கொள்வதா, ஃபார்ச்சூனருக்கு மாறுவதா?

டோங்காட்_மணி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் டோங்காட். மனைவியின் அம்மா வீடு ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியா. என் அம்மா, பிள்ளைகளோடு ஐந்து பேராக மாதம் ஒருமுறை என்3 நெடுஞ்சாலை வழியாகப் போய் வருகிறோம். ஒரு பக்கத்துக்கே 600 கிலோமீட்டர். வண்டி ஏழு வயதான ஒரு ஜெர்மன் எஸ்யூவி, 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சர்வீஸ், பழுதுச் செலவைக் கம்பெனியே ஏற்கும் மோட்டார் பிளான் 1,00,000-லேயே முடிந்துவிட்டது.

போன ஜூலையில், பள்ளி விடுமுறைக்குப் போகும்போது, வான் ரீனன் மலைக் கணவாய் ஏற்றத்தில் இரவு எட்டு மணிக்கு ஏசி வழியாக ஓர் இனிப்பு வாடை வந்தது. சர்க்கரை ஆலை ஊரில் பிறந்தவன் நான், பாகு வாடை எனக்குத் தெரியும், இது வேறு. அடுத்த நிமிடம் வெப்பமானி சிவப்பில். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தொட்டி தையல் விட்டிருந்தது. பிளாஸ்டிக் தொட்டி, உள்ளங்கை நீள விரிசல். லாரி ஒவ்வொன்று கடக்கும்போதும் வண்டியே ஆடியது. இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் இழுவை வண்டி வந்தது. பம்பு, தெர்மோஸ்டாட், தொட்டி, கூலி எல்லாம் சேர்த்து 18,000 ரேண்ட்.

ஆனாலும் இந்த வண்டியை எனக்கு அவ்வளவு பிடிக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் வளைவுகளில் நினைத்த கோட்டில் அப்படியே போகும். மனைவி டொயோட்டா ஃபார்ச்சூனர் வாங்கச் சொல்கிறாள். நான் ஓட்டிப் பார்த்தேன், மனசு ஒட்டவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

இசிபிங்கோ_தாத்தா

தம்பி, முப்பது வருஷத்துக்கு மேலே ஸ்பேனர் பிடிச்ச கை இது. சுத்தி வளைக்கலே: வித்துடுங்க.

பிள்ளைகளையும் வயசானவங்களையும் ஏத்திக்கிட்டு ராத்திரியிலே மலை ஏறுற வண்டி, வழியிலே நிக்கக் கூடாது. அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். ஃபார்ச்சூனரும் ஹைலக்ஸும் எங்க ஊருக்குப் பக்கத்து பிராஸ்பெக்டன் ஆலையிலேதான் தயாராகுது. மூய் ரிவர், எஸ்ட்கோர்ட், ஹாரிஸ்மித், எங்கே நின்னாலும் அதைப் பிரிச்சுப் பார்த்த ஆள் ஒருத்தர் இருப்பார், சாமானும் கிடைக்கும். நம்பகம் வண்டிக்குள்ளே மட்டும் இல்லே, போற வழியிலேயும் இருக்கு. உங்க வண்டிக்கு அந்தத் தொட்டி எத்தனை நாள்லே வந்துச்சு?

டோங்காட்_மணி

மூன்று நாள், தாத்தா. ஜோஹன்னஸ்பர்கிலிருந்து வரவழைத்தார்கள்.

வளைவு_வாணி

தாத்தா, மன்னிக்கணும், இதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் மாரிட்ஸ்பர்க். டவுன் ஹில் எனக்கு தினசரி வழி.

"ஓட்டும் சுகம்" என்றாலே ஏதோ ஆடம்பரம் மாதிரிப் பேசுகிறோம். பனிமூட்டத்தில் முன்னால் போகிற லாரி திடீரென்று குறுக்கே திரும்பினால், ஸ்டியரிங் சொன்னதை வண்டி அந்த நொடியே கேட்கிறதா என்பதில்தான் உயிர் இருக்கிறது. மணி அண்ணா வளைவில் ரசிக்கிற குணமும் அதுவும் ஒன்றுதான். 2016-இல் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று, குறுக்கே வரும் விலங்கைத் தவிர்க்கிற சோதனையில் ஹைலக்ஸை ஓட்டியது. ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின, படங்கள் உலகமெல்லாம் பரவின. ஃபார்ச்சூனர் அதே குடும்பம். சேஸிஸ் என்கிற இரும்புச் சட்டத்தின் மேல் உடல் வைத்த, இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள உயரமான வண்டி. நின்றுபோகாத வண்டி நல்ல வண்டிதான். கவிழாத வண்டி அதைவிட நல்ல வண்டி.

இசிபிங்கோ_தாத்தா

வாணிம்மா, ஹைலக்ஸ் பக்கி, பின்னாலே சாமான் ஏத்துற திறந்த வண்டி. காலியா இருந்தாலும் துள்ளுற லீஃப் ஸ்பிரிங் அதுக்குப் பின்னாலே. ஃபார்ச்சூனருக்குக் காயில் ஸ்பிரிங். அந்தப் படத்தை இதுக்குக் காட்டக் கூடாது.

மலையிலே லாரிக்குப் பின்னாலே நிதானமாப் போனா திடீர்த் திருப்பமே வேண்டாம். ஆனா கூலன்ட் தொட்டி நிதானமாப் போற ஆளுக்கும் வெடிக்கும்.

வளைவு_வாணி

நிதானமாகப் போகிறவர் மேலும் கட்டுப்பாடு இழந்த லாரி வந்து மோதும், தாத்தா. 2013-இல் பைன்டவுனில் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் வந்த லாரி மினிபஸ்கள் மேல் மோதி எத்தனை பேர் செத்தார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அன்று செத்தவர்கள் யாரும் வேகமாகப் போனவர்கள் இல்லை.

இசிபிங்கோ_தாத்தா

அதை எந்த ஸ்டியரிங்கும் தடுத்திருக்காதும்மா. அந்த மினிபஸ்களிலே இருந்தவங்களை நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

வளைவு_வாணி

சரி, அந்த உதாரணத்தை விடுகிறேன். என் கருத்தில் மாற்றம் இல்லை.

மிட்ராண்ட்_கணக்கர்

மணி, ஒரு கேள்வி. தார்ச் சாலையை விட்டு எப்போதாவது இறங்கியிருக்கிறீர்களா? லெசோதோவுக்கு ஏறும் சானி பாஸ் மலைப்பாதையில் போகிற எண்ணம் உண்டா? அங்கே நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டியை விடவே மாட்டார்கள். ஃபார்ச்சூனரிலேயே பின்சக்கர இயக்க மாடலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மண் பாதைக்கே போகாத குடும்பம் எதற்காக அந்த இரும்புச் சட்டத்தைச் சுமக்க வேண்டும்?

அடுத்தது, பிளான். மோட்டார் பிளானில் பிரேக், கிளட்ச் போன்ற தேய்மானமும் அடங்கும். சர்வீஸ் பிளானில் வழக்கமான சர்வீஸ் மட்டும்தான். இது புரியாமல் புது வண்டி வாங்கி, பிரேக் மாற்றும்போது அதிர்ந்து போனவர்கள் நிறைய. 2021 ஜூலை 1 முதல் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்படி, வாரண்டி இருக்கும்போதே வெளி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்துகொள்ளலாம். நல்ல மெக்கானிக் தெரிந்தால் செலவு இறங்கும்.

இரண்டுக்கும் நடுவே மாஸ்டா சிஎக்ஸ்-5, சுபாரு ஃபாரெஸ்டர் என்று வண்டிகள் இருக்கின்றன. எளிய இன்ஜின், உருப்படியான ஸ்டியரிங். என் வீட்டில் சிஎக்ஸ்-5 தான்.

வளைவு_வாணி

அந்த இரண்டிலும் இங்கே பெரும்பாலும் டர்போ, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, கிடையாது என்பதையும் சொல்லுங்கள். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர். காற்று மெலிவதால் டர்போ இல்லாத இன்ஜின் அங்கே தன் சக்தியில் ஆறில் ஒரு பங்கை இழக்கும். ஐந்து பேர், பெட்டிகள், வான் ரீனன் ஏற்றம், முன்னால் இரட்டை டிரெய்லர் லாரி. முந்தத் தொடங்கிவிட்டுப் பாதியில் மூச்சு வாங்கினால் என்ன செய்வது?

மிட்ராண்ட்_கணக்கர்

உண்மைதான். என் வண்டியில் ஹாரிஸ்மித்துக்கு அப்புறம் முந்துவதற்கு முன்பு இரண்டு முறை யோசிப்பேன். ஆனால் என்3-இல் பெரும்பாலும் இரட்டைத் தடம், எதிர்வண்டி இல்லை. யோசிக்க நேரம் கிடைக்கிறது.

குழிகளையும் மறக்காதீர்கள். ஃப்ரீ ஸ்டேட் மாகாண உள்சாலையில் டயரின் பக்கச்சுவர் கிழிந்தால், காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்-பிளாட் டயரையும் ஒட்ட முடியாது. அதே அளவு டயர் சின்ன ஊரில் கிடைக்காது. சில ஜெர்மன் வண்டிகளில் ஸ்பேர் வீலே இருப்பதில்லை. வாங்கும்போது பின்கதவைத் திறந்து தரையைத் தூக்கிப் பாருங்கள்.

இசிபிங்கோ_தாத்தா

இதை நானும் ஒத்துக்கறேன். மணி தம்பி வண்டியை வச்சுக்கறதா இருந்தாலும் ஒரு வழி சொல்றேன். உடையறதுக்கு முன்னாடியே மாத்தணும். ஹோஸ் எல்லாம், பெல்ட், புல்லி. கியர்பாக்ஸுக்கு "வாழ்நாள் எண்ணெய்"னு சொன்னா நம்பாதீங்க. உங்க வண்டியிலே இசட்எஃப் கியர்பாக்ஸா இருந்தா, செஞ்ச கம்பெனியே 80,000-லேருந்து 1,20,000-க்குள்ளே மாத்தச் சொல்லுது. 1,38,000-லே இன்னும் பழைய எண்ணெயா?

டோங்காட்_மணி

பழையதுதான், தாத்தா. யாரும் சொல்லவே இல்லை.

நீங்கள் எல்லோரும் எழுதியதை நேற்று இரவு வீட்டில் படித்துக் காட்டினேன். என் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒன்று சொன்னார்கள். ஜூலைக்கு அப்புறம் அவர்கள் காரில் தூங்குவதே இல்லையாம். முன்பெல்லாம் மூய் ரிவர் தாண்டியதும் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். இப்போது பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து, என் தோளுக்கு மேலாக அந்த வெப்பமானி முள்ளையே பார்த்துக்கொண்டு வருகிறார்களாம். நான் வளைவுகளை ரசித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் அம்மா முகத்தைக் கவனிக்கவில்லை. எல்லாக் குழாயையும் புதிதாக மாற்றினாலும் அந்தப் பார்வையை என்னால் மாற்ற முடியாது.

விற்கப்போகிறேன். ஃபார்ச்சூனர் வேண்டாம், வாணி சொன்னது மனசில் நிற்கிறது. சனிக்கிழமை ஃபாரெஸ்டர் ஓட்டிப் பார்க்கப் போகிறோம். தாத்தா, விற்கும்வரைக்கும் இதை ஓட்டத்தானே வேண்டும். அடுத்த வாரம் எண்ணெய் மாற்ற உங்களிடம் கொண்டுவரலாமா?

இசிபிங்கோ_தாத்தா

புதன்கிழமை காலையிலே வாங்க. இன்ஜின் ஆறி இருக்கணும், அதனாலே சீக்கிரம் வந்து நிறுத்திட்டு டீ குடிங்க.

வளைவு_வாணி

அண்ணா, சனிக்கிழமை தனியாகப் போகாதீர்கள். அம்மா, பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, விற்பனையாளர் சம்மதித்தால் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறிப் பாருங்கள். ஆள் இல்லாத வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஏறும்.