மிதிபாகல், நீளப்பாகல், அவற்றின் கலப்பினம்: குரோமோசோம் ஒப்பீட்டில் ஓர் ஐயம்

கேள்வி: முதுநிலைத் தாவரவியல் மாணவி, வியாசர்பாடி

வணக்கம். மாதவரம் பக்கம் வேலியில் தானாகப் படர்ந்திருந்த மிதிபாகலையும் விதைக்கடையில் வாங்கிய நீளப்பாகலையும் மொட்டைமாடித் தொட்டிகளில் வளர்த்து, இரண்டையும் கலந்து முதல் தலைமுறைக் கலப்பினச் செடிகளையும் பெற்றிருக்கிறேன். வேர்நுனிச் செல்களில் மூன்றிலும் 22 குரோமோசோம்களே தெரிகின்றன. ஆனால் மிதிபாகலின் குரோமோசோம்கள் சற்று நீளமாகத் தோன்றுகின்றன. இதை வைத்து இரண்டும் மரபளவில் விலகியவை என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர், பெரம்பூர்

எழுத வேண்டாம் அம்மா. பாகலின் குரோமோசோம்கள் மிகச் சிறியவை. 8-ஹைட்ராக்சிகுயினோலினில் (செல் பகுப்பைப் பாதியில் நிறுத்தும் கரைசல்; குளிரில் வைத்து ஊறவைப்போம்) வேர்நுனி சிறிது நேரம் கூடுதலாக ஊறினாலே அவை மேலும் சுருங்கிவிடும் என்பதால், இரு வேறு சிலைடுகளில் அளந்த நீளங்களை நேருக்கு நேர் ஒப்பிடுவது பொருந்தாது. ஒவ்வொரு குரோமோசோமும் தன் செல்லின் மொத்த நீளத்தில் எத்தனை விழுக்காடு, அதன் நடு இடுக்குக்கு (சென்ட்ரோமியர்) இருபுறமும் உள்ள நீண்ட கரத்துக்கும் குறுங்கரத்துக்கும் உள்ள விகிதம் என்ன என்பவற்றைக் கணக்கிடுங்கள். 1964 முதல் புழக்கத்தில் உள்ள வகைப்பாட்டின்படி அந்த விகிதம் 1.7 வரை இருந்தால் மெட்டாசென்ட்ரிக், அதாவது இடுக்கு ஏறக்குறைய நடுவில். அதற்கு மேல் 3 வரை சப்மெட்டாசென்ட்ரிக், அதாவது இடுக்கு நடுவிலிருந்து சற்று விலகியது.

உண்மையான ஒப்பீடு கலப்பினத்தின் மகரந்தத் தாய்ச்செல்லில்தான் (குன்றல் பகுப்படைந்து மகரந்தத்தைத் தரும் செல்) நடக்கிறது. அங்கே தாயின் 11 குரோமோசோம்களும் தந்தையின் 11 குரோமோசோம்களும் ஒன்றையொன்று தேடி இணைய வேண்டும். மெட்டாஃபேஸில் (குரோமோசோம்கள் செல்லின் நடுவே வரிசையாக நிற்கும் கட்டம்) 11 இணைகள் ஒழுங்காகத் தெரிந்தால், காயின் உருவம் எவ்வளவு மாறுபட்டாலும், குரோமோசோம் அமைப்பில் இவை நெருங்கிய உறவே. நான்கு குரோமோசோம்கள் வளையமாகவோ சங்கிலியாகவோ கோத்து நின்றால் இடமாற்றம் (ஒரு குரோமோசோமின் துண்டு வேறொன்றுக்கு மாறுவது) நிகழ்ந்திருக்கலாம்; அனாஃபேஸில் (அவை இரு முனைகளுக்கும் பிரியும் கட்டம்) பாலமும் துண்டும் சேர்ந்து தெரிந்தால் தலைகீழ்த் திருப்பத்தை (ஒரு குரோமோசோமின் துண்டு அதிலேயே தலைகீழாகப் பொருந்துவது) ஐயுறலாம். கூடவே மகரந்தத்தை அசிட்டோகார்மினில் சாயமேற்றி, எத்தனை விழுக்காடு நிறைந்து சிவக்கின்றன (அவையே வளமானவை) என்றும் எண்ணுங்கள்.

பதில்: விதை சேகரிப்பவர், செங்குன்றம்

பாகலின் உறவான வேறோர் இனமான பழுபாகலை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அதன் குரோமோசோம் எண்ணிக்கை 28; ஆண், பெண் செடிகளும் தனித்தனி. பாகலோடு கலந்து செடி கிடைத்தாலும் 11-உம் 14-உம் சேர்ந்து 25 ஆகும்; அவற்றில் எது எதனோடு இணையும்? மிதிபாகல் கலப்பினமோ விதை பிடித்து அடுத்த தலைமுறையைத் தருகிறது.

கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. மொட்டுகளையும் வேர்நுனி போலவே குளிரில் ஊறவைக்க வேண்டுமா?

பதில்: பெரம்பூர்

தேவையில்லை. மிளகைவிடச் சிறிய ஆண் மொட்டுகளைக் காலையிலேயே பறித்து, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் நேராகப் போடுங்கள். மொட்டு பெரிதாகிவிட்டால் பகுப்பு முடிந்து மகரந்தம் மட்டுமே தெரியும். குளிர் தேவைப்படுவது வேர்நுனிக்குத்தான். நம் வெயிலில் அதற்குக் காசிமேட்டு ஐஸ்கட்டியே போதும்.